திங்கள்தோறும் கழிவுநீர்த் தொட்டியில் ஹைட்ரஜன் சல்பைடு: ஆலோசனை தேவை

ராணிப்பேட்டைப் பகுதியில் ஒரு தோல் பதனிடும் ஆலையின் கழிவுநீர்ச் சுத்திகரிப்புப் பிரிவைக் கவனித்து வருகிறேன். ஞாயிறு விடுமுறை முடிந்து திங்கள் காலையில் சேமிப்புத் தொட்டியின் கலக்கியை இயக்கியதும், மூடித் துளையின் விளிம்பில் அழுகிய முட்டை நாற்றமுள்ள நச்சு வாயுவான ஹைட்ரஜன் சல்பைடு 60 பிபிஎம்மை (பத்து லட்சம் பங்கு காற்றில் 60 பங்கு) தாண்டுகிறது. அரை மணி நேரத்தில் 5க்குக் கீழே இறங்கிவிடுகிறது. கடந்த மார்ச்சில் தொட்டிக்குக் கான்கிரீட் மூடி போட்ட பிறகே இது தொடங்கியது. அருகில் நிற்பவர்களுக்குக் கண் எரிச்சலும் தலைவலியும் வருகின்றன. 100 பிபிஎம்மை நெருங்கினால் மூக்கு மரத்துப்போகும். நாற்றம் அடங்கிவிட்டது என்று நம்பி யாரேனும் குனிந்து பார்த்துவிடுவார்களோ என்பதே என் பெருங்கவலை.

சல்பைடு கலந்த சுண்ணாம்புக் கழிவுநீரும் அமிலக் கழிவுநீரும் சேர்ந்து இந்த வாயுவை உண்டாக்காதபடி தனித்தனிக் குழாய்களில் பிரித்துவிட்டோம். சுண்ணாம்பு நீரில், சல்பைடைச் சிதைப்பதற்காக, மாங்கனீசு சல்பேட் சேர்த்துக் காற்றூட்டிய பிறகே தொட்டிக்கு விடுகிறோம். வாயுமானியை 25 பிபிஎம் சோதனை வாயுவில் பார்த்தோம், சரியாகவே காட்டுகிறது. காற்று ஊதும் இயந்திரம் வைத்துத் தொட்டியின் வாயுவை வெளியேற்றியபோது, காற்றைவிடக் கனமான வாயு என்பதால் பக்கத்துப் பம்புக் குழியில் போய்த் தங்கியது, உடனே நிறுத்திவிட்டோம். தொட்டிக்குள் யாரையும் இறக்குவதில்லை. கலக்கியின் சுவிட்சையும் தள்ளி மாற்றியாயிற்று. நீண்ட கம்பியை விட்டு எடுத்தால், அடியில் ஏறக்குறைய ஒரு முழ உயரத்துக்கு மை போன்ற கறுத்த சேறு ஒட்டி வருகிறது. மேல்நீரின் பிஎச் (அமில-கார அளவு) 8க்கு மேல் இருந்தாலும், திங்களன்று அடிநீரில் 7 அளவே உள்ளது.

ஆலை நிற்கும் ஞாயிறன்று விட்டுவிட்டுக் காற்றூட்டினாலே இந்த வாயு உருவாவதைத் தடுக்க முடியுமா, அல்லது அடிச்சேற்றை முழுவதும் அகற்றியே ஆக வேண்டுமா?