ரம்பொடை இறக்கத்தில் எங்களை மறித்த லொறிக்காரர்

எங்கட யாழ்ப்பாணப் பக்கம் இருந்து நுவரெலியாவுக்கு வான் ஓட்டிக்கொண்டு போற ஆக்கள் இதைக் கட்டாயம் வாசிக்க வேணும்.

2025 ஆகஸ்டில அம்மா, அக்கா குடும்பம் எண்டு 7 பேர் போனனாங்கள். முதல்நாள் கண்டியில தங்கி, விடிய 5 மணிக்கு வெளிக்கிட்டம். அத்தான்தான் ஓட்டினவர். ஏ9 றோட்டில எத்தினையோ தரம் கொழும்புக்கு ஓடின கை. ஆனா மலை ஓட்டம் அவருக்கு அதுதான் முதல் தரம்.

பேராதனை தாண்டி, கம்பளையில மகாவலியைப் பார்த்து, புசல்லாவைக்கு மேல ஏற ஏற கீழ கொத்மலை நீர்த்தேக்கம் தெரியத் தொடங்கிச்சுது. ரம்பொடையில அருவியைக் கண்ட அம்மா கனநேரம் ஒண்டும் கதைக்கேல்லை. பிறகு கேட்டா: "இப்ப கோடையெல்லோ பிள்ளை, இதுக்கு எங்கால இவ்வளவு தண்ணி?" மாரியில மட்டும் ஓடுற வழுக்கையாற்றையும் கிணற்றையும் பார்த்து வளந்தவ அப்பிடித்தானே கேப்பா. எங்களுக்குப் புழுதியை மட்டும் அள்ளி வாற சோளகம், அந்தத் தென்மேற்குக் காத்துத்தான் அந்த மேற்குச் சரிவில மழையாக் கொட்டுது. எங்கட மழை ஐப்பசி, கார்த்திகையில வாடையோட வாறது.

நுவரெலியாக் குளிர், சீதா எலியக் கோயில் எல்லாம் நல்லாத்தான் இருந்தது. நான் சொல்ல வந்தது திரும்பி இறங்கினது.

லபுக்கலையில தேத்தண்ணி குடிச்சிட்டு இறங்கத் தொடங்கினம். கொண்டை ஊசி வளைவுகள். அத்தான் நாலாம் கியரில விட்டு, கால் எடுக்காமல் பிறேக்கை அமத்திக்கொண்டே வந்தவர். கொஞ்ச நேரத்தில எரிஞ்ச மணம். "பெடல் மெத்தெண்டு உள்ள போகுது" எண்டார். முகம் வெளிறிப் போச்சு. அந்த வருஷம் மே மாதம் இதே றோட்டில கெரண்டி எல்லயில பஸ் பள்ளத்தில விழுந்து 20 பேருக்கு மேல செத்தது எல்லாருக்கும் ஞாபகம் வந்திருக்கும், ஒருத்தரும் வாய் திறக்கேல்லை.

பின்னால வந்த மரக்கறி லொறி ஹோர்ன் அடிச்சு, முந்தி வந்து, கையைக் காட்டி ஓரங்கட்டச் சொன்னது. எங்கட வானின்ர முன்சில்லில இருந்து புகை. நான் தண்ணிப் போத்தலோட ஓட, லொறிக்கார அண்ணை கையைப் பிடிச்சிட்டார்.

"தண்ணி ஊத்திறாதீங்க தம்பி, சூட்டுல வெடிச்சிரும். தானா ஆறட்டும்."

சில்லுக்குக் கல்லு வைச்சிட்டு அத்தானுக்குச் சொன்னார்: "எந்தக் கியர்ல ஏறுனீங்களோ அந்தக் கியர்லயே எறங்கணும்ணே. வண்டிய இஞ்சின் புடிச்சுக்கும். பிரேக்க சும்மா தொட்டுத் தொட்டு விடுங்க."

பிறேக் தொடர்ந்து சூடேறினா பிடிமானம் குறையும், பிறேக் ஒயில் கொதிச்சா பெடல் அடிமட்டத்துக்கே போயிடும். இதெல்லாம் அத்தானும் கேள்விப்பட்டதுதான். எங்கட மட்டமான றோட்டில அதுக்குத் தேவையே வந்ததில்லை.

முக்கால் மணித்தியாலம் நிண்டம். பாரத்தோட நிண்ட அந்த மனிசன் ஒருக்காலும் மணிக்கூட்டைப் பார்க்கேல்லை. அவர் தாத்தா காலத்தில இருந்து அங்க ஒரு தேயிலைத் தோட்டத்திலதானாம். அம்மா பையைத் துழாவி ஒரு ஓலைக்குட்டான் பனங்கட்டி எடுத்துக் குடுத்தா. அவர் ஓலையை மணந்து பார்த்து, "இது ஒங்க ஊருதா அம்மா?" எண்டு கேட்டு, சேர்ட் பொக்கற்றில பத்திரமா வைச்சார்.

பிறகு ரெண்டாம் கியரில இறங்கினம். புசல்லாவைக் கடைத்தெரு வரைக்கும் அந்த லொறி எங்களுக்கு முன்னால மெதுவா ஓடினது. ஒவ்வொரு வளைவிலயும் அதின்ர சிவப்பு லைற் பத்தி அணையிறதைப் பார்த்துத்தான் அத்தானும் கால் வைச்சவர்.