35 மில்லியன் டாலரெல்லாம் ஜிஎம்முக்கு ஒரு தண்டனையா?

கேள்வி – சாலைவாசி
2014-ல் வெளியே வந்த, அமெரிக்க கார் கம்பெனி ஜெனரல் மோட்டார்ஸின் (ஜிஎம்) இக்னிஷன் சுவிட்ச் விவகாரத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். சாவிக்கொத்து கொஞ்சம் கனமாக இருந்தாலோ முழங்கால் பட்டாலோ போதும், ஓடிக்கொண்டிருக்கும்போதே சாவி தானாகத் திரும்பி இன்ஜின் நின்றுவிடும், அந்த நேரம் பார்த்து மோதினால் ஏர்பேக்கும் விரியாது. கம்பெனிக்குள் பல வருஷமாகத் தெரிந்த விஷயம். ஆனால் அமெரிக்க சாலைப் பாதுகாப்பு அமைப்பு போட்ட அபராதம் 35 மில்லியன் டாலர்தான். ஜிஎம்மின் அந்த வருஷ வருமானம் 150 பில்லியனுக்கும் மேல். கணக்குப் போட்டால் இரண்டு மணி நேர வியாபாரம். இது என்ன நியாயம்?

பதில் – வரம்பு
அன்றைய சட்டத்தில் உச்சவரம்பே அவ்வளவுதான். அதுவும் பழுதுக்கான அபராதம் இல்லை, தெரிந்த 5 வேலை நாளுக்குள் சொல்லாததற்கு. 2015-ல் அமெரிக்க அரசின் நீதித்துறை தனியாக 900 மில்லியன் வாங்கியதையும் சேர்த்துப் பாருங்கள். அதே வருஷக் கடைசியில் உச்சவரம்பையும் 105 மில்லியனாக்கினார்கள்.

பதில் – ஸ்பேனர்
900 மில்லியன் சரி, யார் காசு? பங்குதாரர் காசு. கம்பெனியே வைத்த இழப்பீட்டு நிதி 124 சாவுகளை ஒப்புக்கொண்டது, ஆனால் ஒருத்தர்கூட ஜெயிலுக்குப் போகவில்லை, 15 பேருக்கு வேலை போனதோடு சரி. எனக்கு ஆறாத விஷயம் வேறு: சுவிட்சைச் சரிசெய்துவிட்டு பார்ட் நம்பரை (உதிரி பாகத்தின் அடையாள எண்ணை) மட்டும் மாற்றாமல் விட்டார்கள். பழசையும் புதுசையும் மேஜையில் பக்கத்தில் வைத்தாலும் ஒரே நம்பர். அப்புறம் எந்த மெக்கானிக் கண்டுபிடிப்பான்?

பதில் – வரம்பு
ஜெயில் விஷயத்தில் உங்கள் பக்கம்தான். ஆனால் தொகையை ஏற்றிக்கொண்டே போவதிலும் சிக்கல் இருக்கிறது. 2017-ல் பழுதான ஏர்பேக் விவகாரத்தில் சிக்கிய ஜப்பான் கம்பெனி டகாட்டா 1 பில்லியனுக்கு ஒப்புக்கொண்டதில் குற்ற அபராதம் 25 மில்லியன்தான். 850 மில்லியன் கார் கம்பெனிகளுக்கு, 125 மில்லியன் பாதிக்கப்பட்டவர்களுக்கு. அதே வருஷம் டகாட்டா திவால். கோடிக்கணக்கான ஏர்பேக் மாற்ற வேண்டிய நேரத்தில் கம்பெனி படுத்துவிட்டால் காரை வைத்திருப்பவன் யாரிடம் போய் நிற்பான்?

சாலைவாசி
105 மில்லியன் என்றாலும் ஜிஎம்முக்கு ஆறு மணி நேரம்தானே. வருமானத்தில் இத்தனை சதவீதம் என்று வைத்தால் சின்ன கம்பெனி சாகாது, பெரிய கம்பெனிக்கும் உறைக்கும். ஸ்பேனர் அண்ணே, அந்த பார்ட் நம்பர் விஷயம் எனக்குப் புதுசு. அது மறதியா, வேண்டுமென்றே செய்ததா? நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ஸ்பேனர்
உள்ளே ஸ்பிரிங் மாறியிருக்கிறது தம்பி. ஸ்பிரிங்கை மாற்றுகிறவன் நம்பரை மறப்பானா?