போர் 14 நாளில் முடிந்தும் தாத்தா ஓராண்டு கழித்துத் திரும்பியது ஏன்?

கேள்வி (பரதராமி, குடியாத்தம் வட்டம்):
என் தாத்தா மெட்ராஸ் ரெஜிமெண்டின் 16ஆவது பட்டாலியனில் இருந்தவர். 1971 டிசம்பர் 3 அன்று மூண்ட இந்திய–பாகிஸ்தான் போர் 17ஆம் தேதி மேற்கு முனையிலும் ஓய்ந்துவிட்டது. ஆனால் பாட்டி பெட்டியில் வைத்திருக்கும் இன்லேண்ட் கடிதங்களில், 1972 கார்த்திகை வரையிலும் அனுப்புநர் முகவரி ‘56 ஏ.பி.ஓ.’ (ராணுவ அஞ்சலகம்) என்றே இருக்கிறது. அவர் ஊர் வந்தது அதற்கும் பிறகுதான். கடிதங்களில் போரைப் பற்றியோ பிரிவேக்கத்தைப் பற்றியோ ஒரு வரியும் இல்லை. கிணற்றில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது, சினைப்பசு ஈன்றதா, வேர்க்கடலை என்ன விலைக்குப் போயிற்று என்றே கேட்டிருக்கிறார். பாட்டிக்கு அந்த மனக்குறை இன்றும் உண்டு. தணிக்கைக்கு அஞ்சி அப்படி எழுதினாரா?

பதில் 1 (சித்தூர்):
16 மெட்ராஸ் அப்போது பாகிஸ்தான் பஞ்சாபின் சகர்கர் முனையில், பசந்தர் ஆற்றைக் கடந்து சென்ற படைகளுள் ஒன்று. போர் நின்றபோது பிடித்த நிலம் நம் கையில் இருந்தது. சிம்லா ஒப்பந்தம் 1972 ஜூலை 2 அன்று கையெழுத்தாகியும், காஷ்மீரில் கட்டுப்பாட்டுக் கோடு வரைபடத்தில் முடிவாகி, இரு தரப்புப் படைகளும் பின்வாங்க அவ்வாண்டு டிசம்பர் ஆகிவிட்டது. அதுவரை பங்கரும் ரோந்தும் இரவுக் காவலும் போர்க்காலத்தைப் போலவே தொடர்ந்தன. 56 ஏ.பி.ஓ. ஓர் ஊரின் அஞ்சலகம் அன்று. படை நிற்கும் இடம் வெளியே தெரியாதிருக்க ஏற்பட்ட பொது முகவரி.

பதில் 2 (முன்னாள் ஹவில்தார், குப்பம்):
நாடாளுமன்றத் தாக்குதலுக்குப் பின் 2001 டிசம்பர் முதல் மறு ஆண்டு அக்டோபர் வரை, ஆப்பரேஷன் பராக்ரமின்போது ராஜஸ்தான் எல்லையில் கூடாரத்தில் இருந்தவன் நான். போர் வரவே இல்லை. இன்று வரும், நாளை வரும் என்று மாதக்கணக்கில் காத்திருப்பது சண்டையைவிடக் கொடியது என்பது என் எண்ணம்; சண்டை பார்த்தவர்கள் மறுக்கலாம். பகலில் மணற்காற்று, இரவில் கண்ணிவெடி வயல்களின் ஓரமாகக் காவல், லங்கரில் (படையின் பொதுச் சமையற்கூடம்) பருப்பும் சப்பாத்தியும். பல மாநிலத்தார் கலந்திருந்த பிரிவு ஆதலால் ஒரு நாள் புளிக்குழம்பு வைத்தால் அன்று தமிழ் பேசுகிறவர்கள் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவோம். ஆனால் தம்பி, அங்கிருந்து வீட்டுக்கு எழுத உட்கார்ந்தால் பசுமாட்டைப் பற்றித்தான் கை எழுதும். ஏக்கத்தை எழுதினால் வீட்டார் அழுவார்கள், அதை நினைத்து மறுநாள் காவலில் நமக்கு மனம் நிற்காது.

பதில் 3 (பலமனேர்):
தணிக்கையைவிட முக்கியமான ஒன்றை இருவரும் விட்டுவிட்டீர்கள். உங்கள் பாட்டிக்கு அப்போது எழுதப் படிக்கத் தெரியுமா? வேலூர்ப் பக்கத்துக் கம்மவான்பேட்டையைப் போல வீட்டுக்கு வீடு பட்டாளத்தில் ஆள் இருக்கும் ஊர்களில் கடிதத்தைத் தபால்காரரோ பள்ளி ஆசிரியரோ திண்ணையில் உரக்கப் படிப்பார். மாமனார் மாமியார், பக்கத்து வீட்டார் எல்லாரும் கேட்பார்கள். அத்தனை பேர் நடுவே மனைவியை நினைத்து உறக்கம் வரவில்லை என்று எந்த ஆண் எழுதுவான்? என் மாமனாரும் அக்காலத்துப் பட்டாளத்துக்காரர்தாம். கடிதம் முழுவதும் தம் தந்தைக்கே எழுதிவிட்டு, கடைசியில் ‘வெள்ளைப் பசுவை அவளே கறக்கட்டும்’ என்று ஒரு வரி சேர்ப்பாராம். மாமியாருக்கு அது போதுமானதாக இருந்தது.

கேள்வி கேட்டவர்:
பாட்டிக்குப் படிக்கத் தெரியாது அம்மா. வாத்தியார்தான் படித்துக் காட்டியிருக்கிறார். தாத்தா எந்தெந்த மாதம் எங்கே இருந்தார் என்று அறிய வழி உண்டா?

பதில் 2:
அவருடைய ராணுவ எண்ணைக் குறிப்பிட்டு, நீலகிரியில் வெலிங்டனில் உள்ள ரெஜிமெண்டின் ஆவண அலுவலகத்துக்குப் பாட்டி பெயரில் எழுதுங்கள். டிஸ்சார்ஜ் புத்தகத்தின் நகலும் ஓய்வூதிய ஆணையின் நகலும் உடன் இருக்கட்டும்.