உளநல விடுதி: ‘சமூகத் தனிமை’ என்று எழுதினால் போதுமா?

கேள்வி (தாதிய மாணவி, யாழ்ப்பாணம்)

வணக்கம். உளநல விடுதியில் பயிற்சி பெறும்போது என் பொறுப்பில் இருந்த ஓர் ஐயாவுக்குக் குரல்கள் கேட்பது குறைந்து, நித்திரையும் சீராகியிருந்தது. இருந்தும், வீட்டுக்குப் போகலாம் என்று வைத்தியர் சொன்ன அன்று அவர் மதியச் சோற்றைத் தொடவேயில்லை. காரணம் கேட்டபோது, “அங்கை எனக்கு என்ன கிடக்கு, மிஸ்?” என்றார். பராமரிப்புத் திட்டத்தில் ‘உரித்துணர்வுக் குறைவு’ (இவர்களில் நானும் ஒருவன் என்ற உணர்வு குறைந்திருப்பது) என்று நான் எழுதியதை, மேற்பார்வை செய்தவர் வெட்டிவிட்டுச் ‘சமூகத் தனிமை’ என்று மாற்றினார். இரண்டும் ஒன்றுதானா?

பதில் 1 (ஓய்வுபெற்ற தாதிய உத்தியோகத்தர்)

ஒன்றல்ல, தங்கச்சி. தனிமையில் இருப்பவருக்குப் பழக ஆட்கள் இல்லை. உங்கள் ஐயாவின் வீட்டிலோ பத்துப்பேர் இருக்கலாம். ஆனால் அவருடைய கோப்பை மட்டும் தனியாகக் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும், கலியாணப் பேச்சுக்கு ஆட்கள் வந்தால் அவரைப் பின்னறையில் இருக்கச் சொல்வார்கள். தாதியியல் ஆய்வாளர் பொனி ஹாகெர்ட்டியும் உடன் பணியாற்றியவர்களும் 1992இல் உரித்துணர்வை இரண்டாகப் பிரித்துக் காட்டினார்கள்: நான் இவர்களுக்குத் தேவைப்படுகிறேன் என்பது ஒன்று, இவர்களோடு நான் பொருந்துகிறேன் என்பது மற்றது. 1995இல் ஹாகெர்ட்டியும் பட்டஸ்கியும் இதை அளப்பதற்கு 27 கூற்றுகள் கொண்ட அளவுகோலையும் உருவாக்கினார்கள்.

எங்கள் விடுதியில் தையற்காரர் ஒருவர் இருந்தார். கிழிந்த தலையணை உறைகளை அவரிடம் கொடுத்து, ஊசியை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குவோம். முதல் கிழமை ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒருநாள் பக்கத்துக் கட்டில்காரர் தன் சறத்தின் கிழிசலைக் காட்டி, “அண்ணை, இதையும் ஒருக்கால் பாருங்கோ” என்றார். அன்றுதான் தையற்காரர் நிமிர்ந்து உட்கார்ந்ததைக் கண்டேன். (ஆள் பற்றாக்குறைக்கு நோயாளியை வேலை வாங்குவது வேறு விடயம், அதற்கு இதைச் சாட்டாக எடுக்கக் கூடாது.)

இன்னொன்று. “நான் எல்லாருக்கும் பாரம்” என்று உங்கள் ஐயா சொன்னால் அதை மனக்குறையாக எண்ணிக் கடந்து போகாமல், அன்றைக்கே வைத்தியருக்கு அறிவியுங்கள். எங்கும் சேராதவன் என்ற உணர்வும் பிறருக்குப் பாரம் என்ற எண்ணமும் ஒன்றுசேரும்போது தற்கொலை எண்ணம் எழுகிறது என்பதே உளவியலாளர் தோமஸ் ஜோய்னர் 2005இல் முன்வைத்த கோட்பாட்டின் மையம்.

பதில் 2 (உளசமூகப் பணியாளர்)

அக்கா சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். ஆயினும் நெருக்கம் காட்டுவதாக எண்ணி நாங்கள் முதலில் கேட்கும் “எந்த ஊர், ஆற்றை ஆள்?” என்ற கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வைப்பது நல்லது. 1990இல் போரினால் யாழ்ப்பாணத்தின் வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறி இருபது வருடங்களுக்கு மேல் முகாமிலும் வாடகை வீட்டிலும் வாழ்ந்த ஒருவருக்கு ஊரின் பெயரே ஒரு காயம். சாதியை அறியும் குறுக்கு வழியாகவும் அந்தக் கேள்வி இங்கே பயன்படுகிறது என்பதை நாங்கள் எல்லோரும் அறிவோம். “முந்தி ஒரு நாள் எப்பிடிப் போகும் உங்களுக்கு?” என்று கேட்டுப் பாருங்கள், ஊரைச் சொல்ல விரும்பினால் அவரே சொல்வார்.

பதில் 3 (நோயாளி ஒருவரின் சகோதரி)

என் அண்ணாவை அனுப்பும்போது, மருந்து நேரத்தை விளங்கப்படுத்திய தாதி, “வீட்டிலை இவருக்கு என்ன பொறுப்பு?” என்று கேட்டார். எங்களிடம் பதில் இருக்கவில்லை. வெட்கமாகப் போய்விட்டது. இப்போது மாட்டுக்குத் தண்ணீர் வைப்பதும் சங்கக்கடைக்குப் போவதும் அவருடைய வேலை. மிச்சக்காசை நாங்கள் எண்ணிப் பார்ப்பதில்லை.

கேள்வி கேட்டவர்

எல்லோருக்கும் நன்றி. முந்தி ஒரு நாள் எப்படிப் போகும் என்ற கேள்வியை இன்று ஐயாவிடம் கேட்டேன். காலையில் வாசிகசாலையைத் திறந்து, பத்திரிகைகளை மேசையில் விரித்து வைப்பது பல வருடங்களாகத் தன் வேலையாக இருந்தது என்றும், வருத்தம் வந்த பிறகு திறப்பை வாங்கிவிட்டார்கள் என்றும் சொன்னார். நிர்வாகத்தினரோடு பேசலாமா என்று அவரிடம் அனுமதி கேட்டிருக்கிறேன். யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு, இரவுச் சாப்பாட்டை எடுத்துக்கொண்டார்.