எட்டு காசும் எய்ட் கேஷும்

குழு: மேலத்தெரு வீடு

காலை 6:04
பெரியப்பா: (பலமுறை பகிரப்பட்டது) ஒன்று – ஒன். எட்டு – எய்ட். காசு – கேஷ். கொல் – கில். ஆங்கிலம் தமிழிலிருந்து பிறந்தது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? தமிழனாக இருந்தால் பத்துப் பேருக்கு அனுப்பவும்!!

அத்தை: அருமை அண்ணா 🙏 எங்கள் தெரு குழுவில் போட்டுவிட்டேன்

6:40
கதிர்: அத்தை, முடிந்தால் அதை அழித்துவிடுங்கள். பெரியப்பா கோபப்படக் கூடாது, இதில் முக்கால்வாசி தப்பு

பெரியப்பா: என்ன தப்பு? எட்டு, எய்ட். காது கேட்கிறவனுக்குத் தெரியாதா?

கதிர்: காதை மட்டும் நம்பினால் அப்படித்தான் தோன்றும் பெரியப்பா. எண்பது, எண்ணூறு என்றுதானே சொல்கிறோம், எட்டுப்பது என்று யாரும் சொல்வதில்லை. அப்படியென்றால் வேர் 'எண்', 'ட்டு' பிறகு ஒட்டிக்கொண்டது. கன்னடத்தில் எண்ட்டு, தெலுங்கில் எனிமிதி, அங்கேயும் அந்த மூக்கொலி இருக்கிறது. ஆங்கிலக்காரர்களோ எய்ட் என்று எழுதும்போது நடுவில் ஜி, எச் என்று இரண்டு எழுத்தைச் சும்மா போட்டு வைத்திருக்கிறார்கள், ஒரு காலத்தில் அதை வாயால் சொல்லவும் செய்தார்கள், ஜெர்மன்காரர்கள் இன்றைக்கும் 'ஆஹ்ட்' என்று தொண்டையிலிருந்துதான் சொல்கிறார்கள். இன்னும் பின்னால் போனால் லத்தீனில் ஒக்டோ, சமஸ்கிருதத்தில் அஷ்ட. சொந்தக்காரச் சொல் என்றால் பின்னால் போகப் போக நெருங்கி வர வேண்டும், இவை இரண்டும் விலகிப் போகின்றன

அம்மா: காலையில் பால் வாங்கப் போகச் சொன்னால் போகவில்லை, இதற்கு மட்டும் நேரம் இருக்கிறது

கதிர்: போகிறேன் அம்மா

7:15
பெரியப்பா: சரி, எட்டை விடு. காசு? அதற்கு என்ன சொல்வாய்

கதிர்: அதற்குத்தான் வருகிறேன், அதில் நீங்கள் பாதி ஜெயித்தீர்கள்

மதி: பாதி ஜெயிப்பது என்றால் என்னடா, அப்பா பாவம்

கதிர்: கடையில் 'கேஷா, கார்டா' என்று கேட்கிறார்களே, அந்தக் கேஷ் நம் காசு இல்லை அக்கா. லத்தீனில் கப்சா என்றால் பெட்டி. அது இத்தாலியில் கஸ்ஸா ஆகி, பணம் வைக்கும் பெட்டிக்குப் பெயராகி, பிரெஞ்சு வழியாகவும் ஆங்கிலத்துக்குள் வந்து, கடைசியில் பெட்டியை விட்டுவிட்டு உள்ளே இருக்கும் பணத்துக்கே பெயராகிவிட்டது. நம் ஊரில் கல்லாப்பெட்டியைக் காட்டி 'இன்றைக்குக் கல்லா எவ்வளவு' என்று கேட்பதில்லையா, அதே கதைதான். கேப்ஸ்யூல் மாத்திரை இருக்கிறதே, அதுவும் கப்சாவின் பிள்ளை, சின்னப் பெட்டி என்று பொருள். ஆக கேஷுக்கு உடன்பிறப்பு காசு இல்லை, பெரியம்மா தினமும் சாப்பிடும் கேப்ஸ்யூல்

பெரியம்மா: என்னை எதற்கு இழுக்கிறாய்

பெரியப்பா: இதில் நான் எங்கே ஜெயித்தேன்?

கதிர்: இனிமேல்தான். ஆங்கிலத்தில் அதே எழுத்துகளோடு இன்னொரு கேஷ் இருக்கிறது. அதற்குப் பணம் என்று பொருள் இல்லை, சல்லிக்காசு என்று பொருள். அது சத்தியமாக நம் காசுதான். போர்த்துகீசியர் இங்கே வந்து காசைக் கேட்டு, தங்கள் வாய்க்கு ஏற்ற மாதிரி 'கைஷா' என்று ஆக்கினார்கள், அவர்களிடமிருந்து ஆங்கிலேயர் எடுத்தார்கள். சீனாவில் நடுவே சதுர ஓட்டை போட்ட செப்புக்காசு இருந்ததே, அதையும் ஆங்கிலத்தில் கேஷ் என்றே எழுதினார்கள். 80 காசு ஒரு பணம் (அப்போது பணம் என்பதே ஒரு சின்ன நாணயம்), 42 பணம் ஒரு பகோடா, அதாவது வராகன் என்ற பொற்காசு, கம்பெனி காலத்தில் மதராஸ் கணக்கு இதுதான்

பெரியப்பா: அடேய், எங்கள் அம்மா சொல்லும் கணக்கு வேறாச்சே. 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு ரூபாய்

கதிர்: அது திருவிதாங்கூர் கணக்கு. நம் செங்கோட்டை 1956 நவம்பரில்தானே அங்கிருந்து தமிழ்நாட்டுப் பக்கம் வந்தது. ஆச்சி சின்ன வயதில் அந்தக் காசைத்தான் பார்த்திருப்பார்கள்

அத்தை: அம்மாவின் சுருக்குப்பையில் ஒன்று கிடந்தது அண்ணா, சங்கு போட்டது. நான் கேட்டுக் கேட்டுப் பார்த்தேன், தரவே இல்லை

பெரியப்பா: என்னிடம்தான் இருக்கிறது. பீரோவில் இருக்க வேண்டும்

அத்தை: ஓஹோ 🙂

9:20
மதி: இப்போதுதான் அலுவலகத்துக்கு வந்தேன். நான் கொச்சிக்கு வந்த புதிதில் பட்ட பாடு இதற்கு நேர் எதிர். இங்கே சொல் ஒன்றேதான், பொருள்தான் ஆளை ஏமாற்றுகிறது. குடியிருப்புக் குழுவில் ராத்திரி பத்து மணிக்கு 'வெள்ளம் வந்து' என்று போட்டார்கள். வெளியே நல்ல மழை வேறு. நான் பாப்புவைத் தூக்கிக்கொண்டு, கரண்ட் பில், ரேஷன் கார்டு எல்லாம் பையில் போட்டுக்கொண்டு மாடிப்படியில் நிற்கிறேன், எதிர்வீட்டுச் சேச்சி குடத்தோடு வருகிறாள். குழாயில் தண்ணீர் வந்ததாம்

அம்மா: 😂😂 குடத்தோடா

மதி: பேப்பரில் 'தொழிலவசரங்கள்' என்று ஒரு பக்கம் வரும். என்னடா இது, வேலைக்கு இவ்வளவு அவசரப்படுகிறார்களே என்று நினைத்தேன். அவசரம் என்றால் இங்கே வாய்ப்பு

கதிர்: தெலுங்கில் அதே அவசரம் 'தேவை'. சமஸ்கிருதத்தில் தருணம், சமயம் என்றுதான் பொருள், ஒவ்வொருவரும் அதில் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டார்கள். தருணம் கிடைத்தது என்று மலையாளி சந்தோஷப்பட்டான், தருணம் போய்விடுமே என்று நாம் ஓட ஆரம்பித்தோம். இது என் ஊகம், புத்தகத்தில் இல்லை

மதி: சிக்ஷயை விட்டுவிட்டாயே. வடக்கிலிருந்து வந்த ஒரு பெண் பக்கத்து மேசையில் இருக்கிறாள், 'உன் சிக்ஷா எங்கே' என்று இங்குள்ள ஒருவரைக் கேட்டுவிட்டாள். அவள் கேட்டது படிப்பை. மலையாளத்தில் சிக்ஷ என்றால் தண்டனை. அந்த மனிதர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்

அத்தை: நாங்கள் படித்த மிஷன் பள்ளிக்கூடத்தில் சிட்சை என்றால் கண்டித்துத் திருத்துவது. எங்கள் கணக்கு டீச்சர் அடித்த அடியைப் பார்த்தால் படிப்பும் அதுதான் தண்டனையும் அதுதான்

கதிர்: அத்தை, நடுவில் பொருள் மாறிய இடம் அதுவேதான். கற்றுக்கொடுப்பது, கண்டிப்பது, தண்டிப்பது என்று படிப்படியாக இறங்கியிருக்கிறது. சேட்டையும் அப்படித்தான். வங்காளத்தில் 'சேஷ்டா' என்றால் முயற்சி

மதி: அப்படியானால் பாப்பு நாள் முழுக்க முயற்சிதான் செய்கிறாள்

11:50
பெரியப்பா: எல்லாம் சரி. ஆனால் ஒலியும் ஒன்று, பொருளும் ஒன்று, அப்படியும் சொந்தமில்லை என்றால் மனசு ஒப்பவில்லை. அப்படி எத்தனை தடவைதான் தற்செயலாக நடக்கும்?

கதிர்: ஆயிரக்கணக்கான மொழி, ஒவ்வொன்றிலும் ஆயிரக்கணக்கான சொல், மனித வாயில் வரும் ஒலியோ கொஞ்சம்தான். மோதாமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்து பக்கம் ம்பபரம் என்று ஒரு பழங்குடி மொழி. டிக்சன் என்ற மொழியியலாளர் 1960களில் அந்த மொழி தெரிந்த ஒரு பெரியவரிடம் நாய்க்கு என்ன சொல் என்று கேட்டார். அவர் சொன்னது 'டாக்'. ஆங்கிலத்திலிருந்து வாங்கியதுதான் என்றுதானே தோன்றும்? இல்லை. பக்கத்து யிடின் மொழியில் நாய் 'குடகா', இவர்கள் வாயில் முன்னெழுத்து தேய்ந்து போய் மிச்சம் டாக் மாதிரி நின்றுவிட்டது

பெரியப்பா: குடகா, டாக். ம்ம். நல்லாத்தான் இருக்கிறது

12:35
பெரியப்பா: காசு கிடைத்துவிட்டது. (புகைப்படம்) சங்கு இருக்கிறது. சுற்றி ஆங்கிலத்தில் ஏதோ இருக்கிறது, அழுக்கு, என் கண்ணுக்குத் தெரியவில்லை

கதிர்: பெரிதாக்கிப் பார்த்தேன். எய்ட் கேஷ் என்று இருக்கிறது!! பெரியப்பா, நீங்கள் காலையில் அனுப்பியதில் இருந்த இரண்டு சொல்லும் ஒரே காசில். இதில் கேஷ் நம்முடையது, எய்ட் அவர்களுடையது

பெரியப்பா: அப்போது பாதி இல்லை, நேர்பாதி ஜெயித்தேன் என்று சொல்

அத்தை: அரைச் சக்கரம். என்னிடம் தராமல் வைத்திருந்ததற்கு அண்ணன் வட்டியோடு தர வேண்டும்

கதிர்: ரூபாய்க்கு 448 காசு, உங்கள் பங்கு ரூபாயில் 56ல் ஒன்று அத்தை. பெரியப்பா, ஒரு விஷயம், அதைத் துலக்கிவிடாதீர்கள். பழைய காசு அந்தக் கறுப்போடு இருந்தால்தான் மதிப்பு

12:52
பெரியம்மா: புளி போட்டுத் தேய்த்து வைத்திருக்கிறேன். நன்றாகப் பளபளவென்று இருக்கிறது, இப்போது எழுத்து எல்லாம் தெரிகிறது. படம் எடுத்து அனுப்பச் சொல்லவா?