வீட்டிலேயே கார் கிரில்லுக்குப் பெயிண்ட்: ஆனி மாதத்தில் மட்டும் வேண்டாம்

காரின் முன்முகத்தில் இருக்கும் ஒரே கிரில்லுக்கு இரண்டு தடவை பெயிண்ட் அடித்தவன் நான். போன வருஷம் ஆனியில் அடித்தது கெட்டது, இந்த மாசியில் அடித்தது தேறியது. இரண்டையும் எழுதிவிடுகிறேன். நீங்களும் உங்கள் கதையைக் கீழே போடுங்கள்.

கார் 2012 மாடல், வெள்ளை. கம்பெனிப் பெயர் வேண்டாம். இத்தனை வருஷம் பாளையங்கோட்டை வெயிலில் நின்றால் எந்தக் குரோமும் உரியத்தான் செய்யும். நடுப்பட்டையில் முதலில் ஒரு கொப்புளம் எழும்பியது. ஒரு நாள் துணி போட்டுத் துடைக்கும்போது அது வெடித்து, பிளேடு மாதிரி ஒரு விளிம்பு நீட்டிக்கொண்டு நின்றது. ஆள்காட்டி விரலை நன்றாகவே கிழித்துவிட்டது. அதோடு பொறுமை போயிற்று.

வண்ணார்பேட்டையில் தெரிந்த பெயிண்டர் அண்ணாச்சி ஒருவரிடம் கேட்டேன். "கிரில் ஒண்ணுக்காக ஸ்ப்ரே கன்னைக் கழுவி, கலர் கலந்து, மறுபடி கழுவணும்லா தம்பி. பம்பர், கதவுன்னு வேற ஏதாவது வேலை இருந்தா சேத்துக் கொண்டாங்க" என்றார். நியாயம்தான். புது கிரில் விலை கேட்டு வாயை மூடிக்கொண்டேன். சரி, ஸ்ப்ரே கேன் வாங்கி நாமே அடிப்போம் என்று இறங்கினேன்.

கழற்றுவது பெரிய வித்தை இல்லை. என் காரில் பானெட்டைத் தூக்கினால் மேலே இரண்டு பத்தாம் நம்பர் போல்ட், மற்றதெல்லாம் பிளாஸ்டிக் லாக். (சில கார்களில் பம்பரையே இறக்க வேண்டியிருக்கும், முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.) கோணலாக இழுத்ததில் ஒரு லாக் உடைந்தது. அரை மணி நேரம் வெயிலில் நிறுத்தி, பிளாஸ்டிக் இளகிய பிறகு நேராக இழுத்தால் வந்துவிடும் என்பது இரண்டாவது தடவைதான் தெரிந்தது.

கிரில்லுக்குப் பின்னால் என்ன இருந்தது தெரியுமா? 2023 டிசம்பர் வெள்ளத்து வண்டல். அந்த 17, 18 தேதிகளில் கார் சிந்துபூந்துறையில் மச்சான் வீட்டு வாசலில் நின்றது, பம்பர் வரை தண்ணீர். அப்புறம் சர்வீஸில் விட்டு, முழுக்கக் கழுவியாச்சு என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். உள்மடிப்புகளில் தாமிரபரணி அப்படியே உட்கார்ந்திருந்தது. சாம்பல் நிறத்தில் காய்ந்து, தொட்டால் முகப் பவுடர் மாதிரி. வழித்தெடுத்து வாசல் செம்பருத்திக்குப் போட்டேன். செடி நன்றாக இருக்கிறது.

இனி தேய்ப்பு. குரோம் முலாமின் மேல் பெயிண்ட் பிடிக்காது. உரிந்த இடத்தைச் சுரண்டிவிட்டு, விளிம்பை 320 நம்பர் உப்புத்தாளால் சரித்துக்கொண்டே வர வேண்டும். தேய்க்கத் தேய்க்க மேலே வெள்ளி நிறம் போகும், அடியில் செம்பு நிறத்தில் ஒரு வளையம் தெரியும், அதற்கும் கீழே பிளாஸ்டிக். கண்ணை மூடிக்கொண்டு விரலை ஓட்டினால் எது எங்கே முடிகிறது என்று தெரியக் கூடாது. நகம் தட்டினால் இன்னும் தேய்க்க வேண்டும். உரியாத குரோமிலும் அந்தப் பளபளப்பு போய் மங்க வேண்டும். அப்புறம் 600 வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து முழுக்க ஒரு தேய்ப்பு. என் கிரில்லில் முப்பத்தாறு கட்டங்கள். இரண்டு ஞாயிற்றுக்கிழமை போனது இதற்குத்தான்.

துடைக்க பெட்ரோலோ தின்னரோ வேண்டாம், இந்த ஏபிஎஸ் பிளாஸ்டிக்கை இளக்கிவிடும். மண்ணெண்ணெய் எண்ணெய்ப் பிசுக்கை விட்டுப்போகும். பாத்திரம் விளக்கும் லிக்விடும் பச்சை நாரும் போதும். காய்ந்த பிறகு ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் ஒரு துடைப்பு. அதற்குமேல் வெறுங்கையால் தொடாதீர்கள்.

இவ்வளவையும் ஒழுங்காகச் செய்துவிட்டு, ஆனி மாதம் பகல் பதினொரு மணிக்கு மொட்டை மாடியில் வைத்து அடித்தேன் பாருங்கள், அங்கேதான் புத்தி போயிற்று. குற்றாலத்தில் சாரல் விழும் நாட்களில் நமக்கு மழை கிடையாது, காற்று மட்டும்தான். கயத்தாறிலும் பணகுடியிலும் காற்றாலைகளைச் சுற்றவைக்கும் அதே காற்று. கேனிலிருந்து கிளம்பிய பெயிண்ட் பாதி வழியிலேயே காய்ந்து, கிரில்லில் போய்த் தூளாக ஒட்டியது. தடவினால் உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பு. அதில் வேப்பஞ்சருகு ஒன்று, எறும்பு இரண்டு.

கிரில்லில் ஒட்டாதது எங்கே போனது? பக்கத்து வீட்டு மாடிக் கொடிக்கு. அங்கே கஞ்சி போட்ட வெள்ளை வேட்டி ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. ரிட்டயர்டு வாத்தியார் அவர். சாயங்காலம் வேட்டியை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு வந்தார். சத்தம் போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. "தம்பி, நாளைக்கு ஒரு கல்யாண வீட்டுக்கு எடுத்து வச்சிருந்தேன். கொசுவோன்னு தட்டிப் பார்த்தேன், போகல" என்றார். புது வேட்டி எடுத்துக் கொடுத்தேன். இரண்டு கேன் விலையைவிட அது அதிகம்.

மாசியில் செய்தது வேறு மாதிரி. காலை எட்டு மணி. பனி ஈரம் போயிருந்தது, வெயில் ஏறவில்லை, இலை அசையவில்லை. போர்டிகோ தரையில் தண்ணீர் தெளித்துப் புழுதியை அடக்கினேன். பிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியை ஒரு பக்கம் வெட்டி, அதற்குள் கிரில்லைக் கம்பியில் தொங்கவிட்டேன். மூக்குக்கு மாஸ்க். கேனை உள்ளே குண்டு உருளும் சத்தம் கேட்ட பிறகும் இரண்டு நிமிஷம் குலுக்க வேண்டும். தூரம் ஒரு சாண். கிரில்லுக்கு வெளியே அழுத்தத் தொடங்கி, கையை ஓட்டி, வெளியே போய் விட வேண்டும். கிரில்லின் மேலேயே தொடங்கினால் அந்த இடத்தில் வழியும். முதலில் கட்டங்களின் உள்மூலைகள், நாலு பக்கமிருந்தும், முகப்பு கடைசியில். முதல் கோட்டு, அதாவது முதல் பூச்சு, அடியை மூடவே கூடாது, பனி படிந்த மாதிரி இருந்தால் போதும். பத்துப் பத்து நிமிஷ இடைவெளியில் அடிப்பூச்சான பிளாஸ்டிக் பிரைமர் இரண்டு, பளபளக்காத மேட் கருப்பு மூன்று, நிறமில்லாத கிளியர் இரண்டு. எல்லாம் ஒரே கம்பெனியில் வாங்கினேன். வகை மாறினால் மேல் பெயிண்ட் கீழ்ப் பெயிண்டைச் சுருக்கிவிடும் என்று அண்ணாச்சி முதலிலேயே சொல்லியிருந்தார்.

அரை மணியில் தொட்டுப் பார்க்கலாம் என்று கேனில் போட்டிருக்கும். நம்பி மாட்டிவிடாதீர்கள். நான் ஒரு வாரம் பீரோ மேல் வைத்திருந்தேன். வீட்டில் பேச்சு வாங்கினேன், அது வேறு.

தென்காசியிலிருந்து

அண்ணே, நான் தேய்க்கவே இல்லை. குரோம் நல்லாத்தானே இருக்கு, மேலேயே அடிச்சா என்ன என்று பளபளப்பின் மேலேயே கருப்பு அடித்துவிட்டேன். பார்க்க அம்சமாக இருந்தது, பதினேழு நாள். வாட்டர் சர்வீஸில் பிரஷர் தண்ணீர் பட்டதும் ஒரு பட்டை முழுக்கப் பாம்புச் சட்டை மாதிரி கழன்று தரையில் விழுந்தது. பையன் பம்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். "நான் ஒண்ணும் பண்ணல சார்." அவனைச் சொல்லி என்ன!

மேலப்பாளையத்திலிருந்து

எங்கள் வாப்பாவின் காருக்கு நானும் தம்பியும் அடித்தோம். தேய்ப்பு, காற்று எல்லாம் சரிதான். ஆனால் பெயிண்ட் விழுந்த உடனே அங்கங்கே ஒதுங்கி, வட்ட வட்டமாகக் குழி. எவ்வளவு அடித்தாலும் அந்த இடம் மூடவே மாட்டேன் என்கிறது. காரணம் பிறகுதான் பிடிபட்டது: வாப்பா வாரா வாரம் டேஷ்போர்டுக்குப் போடும் சிலிக்கான் பாலிஷை கிரில்லுக்கும் சேர்த்துப் போட்டிருக்கிறார், வருஷக்கணக்காக! தேய்க்கும் முன்பே சோப்பு போட்டு அதை எடுத்திருக்க வேண்டும். நாங்கள் தேய்த்துவிட்டுக் கழுவினோம், அதற்குள் உப்புத்தாள் அதைக் கீறலுக்குள் ஏற்றிவிட்டது. மறுபடி முதலிலிருந்து. கம்பெனிச் சின்னமான எம்பளத்தைச் சுற்றி டேப் ஒட்டுபவர்களுக்கு ஒன்று: கடைசிக் கோட்டு முழுக்கக் காயும் முன்பே டேப்பை உரித்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஓரம் பல் பல்லாக வரும்.

உவரியிலிருந்து

பிளாஸ்டிக்காரர்களே, உங்களுக்குக் காற்று மட்டும்தான். எங்களுக்கு உப்பும் சேர்ந்து வரும். என்னுடையது பழைய ஜீப்பு, முன்முகம் முழுக்கத் தகரம். கம்பி பிரஷ் போட்டுத் துருவை எடுத்து, நாளைக்கு பிரைமர் அடிக்கலாம் என்று சாப்பிடப் போனேன். காலையில் வந்து பார்த்தால் மினுமினுவென்று இருந்த இரும்பு மறுபடி சிவந்து கிடக்கிறது. கடற்கரையில் தேய்ப்பதும் ரெட் ஆக்சைடு பிரைமர் அடிப்பதும் ஒரே நாளில் முடிய வேண்டும். தேய்ப்பதற்கு முன்னால் நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவிக் காயவைக்க வேண்டும். எங்கள் வீட்டு போர்வெல் உப்புத் தண்ணீரில் கழுவினால் கழுவாமலே இருக்கலாம். நான் இரண்டு குடம் குடிதண்ணீரை எடுத்தேன். அம்மா இன்னும் அதைச் சொல்லிக்காட்டுகிறார்.

வள்ளியூரிலிருந்து

புதுக் கார் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். முன்னால் போகும் வண்டியைப் பார்த்துத் தானாக பிரேக் போடும் வசதி உள்ள சில கார்களில் ரேடார் கிரில்லிலோ எம்பளத்துக்குப் பின்னாலோ இருக்கும். அதன் மூடி மேல் பெயிண்டோ ஸ்டிக்கரோ கூடாது. மெட்டாலிக் பெயிண்டில் இருக்கும் உலோகத்தூள் அலையை மறைத்துவிடும்.

முதலில் எழுதியவன்

சிலிக்கான் விஷயம் எனக்கும் தெரியாது, நன்றி தங்கச்சி. குடிதண்ணீர் விஷயத்தில் அம்மா பக்கம்தான் நான்.

மாசியில் அடித்தது இப்போது வைகாசி வரை நிற்கிறது. நாங்குநேரி தாண்டி ஜல்லி லாரி ஒன்றுக்குப் பின்னால் போனபோது கல் தெறித்து அரிசி அளவு ஒரு இடம் போனது. கேன் மூடியில் கொஞ்சம் பீய்ச்சி, தீக்குச்சி முனையால் தொட்டு வைத்தேன். கிட்டே குனிந்து பார்த்தால்தான் தெரியும்.

நேற்று வாத்தியார் வந்து அப்படித்தான் குனிந்து பார்த்தார். "நல்லா வந்திருக்குடே. கேன்ல மீதி இருக்கா? எங்க வீட்டு கேட்டு கம்பி துரு பிடிச்சுக் கெடக்கு" என்றார். இருக்கு சார் என்றேன். பேசிக்கொண்டே இருவரும் வேப்பமரத்தைப் பார்த்தோம். காற்று தொடங்கிவிட்டது. "புரட்டாசி கழியட்டும்" என்று அவரே சொல்லிவிட்டு, கொடியில் கிடந்த துணிகளை எடுக்க மாடிக்குப் போனார்.