புதுப்பிப்பு: கலலாவ் பாதை, ஹனகாபியாய் ஓடையைக் கடந்தது எப்படி?

ஹவாயின் கவாய் தீவில் கலலாவ் கடற்கரைப் பாதையில் (ஒரு வழிக்கு 11 மைல், சுமார் 18 கி.மீ.) மழை வந்தால் ஹனகாபியாய் ஓடையை எப்படிக் கடப்பது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. நண்பர்களோடு நல்லபடியாகப் போய் வந்தோம்.

கைகொடுத்தது, “தண்ணீர் கலங்கலாக இருந்தால் இறங்காதீர்கள், காத்திருங்கள்” என்ற யோசனைதான். மலைமேல் மழை, ஓடை செம்மண் நிறத்தில் இடுப்பளவுக்கு ஓடியது. கரையிலேயே உட்கார்ந்துவிட்டோம். சில மணி நேரத்தில் முழங்காலுக்கு வடிந்து, அடியில் கற்கள் தெரிந்தன. தவறி விழுந்தால் உடனே பையை உதறிவிட வசதியாக, முதுகுப்பையின் இடுப்பு வாரைக் கழற்றிவிட்டுக் கடந்தோம்.

எதிர்பாராதது: பயந்துகொண்டிருந்த, ஏழாவது மைலில் கடலோரச் செங்குத்துப் பாறை விளிம்பில் போகும் குறுகிய பாதை காய்ந்திருந்ததால் சுலபம். வழியில் வரும் ஹனகோவா பள்ளத்தாக்குக்கு முந்தைய சேறுதான் வழுக்கியெடுத்தது.

ஹனகாபியாயைத் தாண்ட முகாம் அனுமதி கட்டாயம், அன்றே திரும்பினாலும். ஓடைத் தண்ணீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம். கொதிக்க வைத்தே குடியுங்கள்.